தினம் ஒரு படம், வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில்

காங்கயம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். திருப்பூரில் பனியன் கம்பெனி அலுவலகத்தில் வேலை. தினமும் வெளியில் உட்கார்ந்து கிராமக் காட்சி ஒன்றை வாட்டர்கலரில் வரைந்து பழக ஆசை. ஆனால், ‘எங்கள் பக்கம் வறண்ட பூமி, வரைகிற மாதிரி இடம் இல்லை. ஆழியாறு, கொடிவேரி என்று போனால்தான் உண்டு, அதற்கு ஞாயிற்றுக்கிழமைதான் தோது’ என்கிறார். என்ன சாமான் வாங்குவது, எந்த நேரம் நல்லது, பச்சை ஏன் பிளாஸ்டிக் வாளி நிறத்தில் வந்து நிற்கிறது, இரண்டு மாதத்தில் விட்டுப்போகாமல் இருக்க என்ன வழி என்பவை அவருடைய கேள்விகள்.

விட்டுப்போவதற்கான காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஞாயிறுதோறும் ஆழியாறு போகிறவர் மூன்றாவது ஞாயிறு கல்யாணத்துக்குப் போவார், நான்காவது ஞாயிறு மழை வரும், ஐந்தாவது ஞாயிறு பெயின்ட் டப்பா எங்கே என்று தேடுவார். தினம் வரைகிற பழக்கம் நேரமில்லாமல் கெடுவதைவிட, நல்ல காட்சியைத் தேடி அலைவதால் கெடுவதுதான் அதிகம். வாசலிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் எந்த இடம் வருகிறதோ அதுதான் உங்கள் இடம். ஒரு வருடத்துக்கு அதைவிட்டு நகர வேண்டாம்.

இதை நானாகச் சொல்லவில்லை. பிரான்ஸில் கிளாத் மோனே 1890, 91ஆம் ஆண்டுகளில் வரைந்த கதிர்ப் போர்கள் உலகப் புகழ் பெற்றவை. ஏறக்குறைய 25 படங்கள். ஜிவெர்னி என்ற கிராமத்தில் தன் வீட்டை ஒட்டிய வயலில் இருந்த போர்களைத்தான் காலை, மாலை, வெயில், பனி என்று மாற்றி மாற்றி வரைந்தார். இங்கிலாந்தில் ஜான் கான்ஸ்டபிள் 1821, 22இல் லண்டனை அடுத்த ஹாம்ஸ்டெட் மேட்டில் நின்று வெறும் மேகங்களாக வரைந்து தள்ளினார். பல படங்களின் பின்பக்கம் தேதி, நேரம், காற்று எந்தத் திசை என்பதெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். இருவருமே காட்சியைத் தேடிப் போகவில்லை. ஒரே இடத்தில் வெளிச்சம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தை, மாசியில் சோளத்தட்டுப் போர் இல்லாத தோட்டம் உங்கள் பக்கம் உண்டா? பிறகென்ன குறை?

‘வரைகிற மாதிரி இடம் இல்லை’ என்று தோன்றுவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ஒரே படத்தைத்தான் வரைந்தோம்: இரண்டு மலை, நடுவில் சூரியன், அதிலிருந்து இறங்கி வரும் ஆறு, கரையில் ஒரு குடிசை, சாய்ந்த தென்னை. வளர்ந்த பிறகு அதே படம் காலண்டரில் குடம் ஏந்திய பெண்ணோடு வருகிறது. அந்தக் கிராமத்தை மனதில் வைத்துக்கொண்டு வெளியே போனால் கொங்கு நாட்டில் எதுவும் கண்ணில் படாது. இங்கே கிராமம் என்றால் தோட்டத்து நடுவில் ஒரு சாளை (தோட்டத்து வீடு), அதன் பக்கத்தில் மாடு கட்டும் கட்டுத்தரை, நீல நிறத் தண்ணீர்த் தொட்டி, போர்வெல் மோட்டாருக்கு வரும் மின்கம்பி, சுருட்டிப் போட்ட சொட்டுநீர்க் குழாய், சிமென்ட் அட்டை வேய்ந்த விசைத்தறிக் கூடம். இவற்றை நீக்கிவிட்டு வரைகிறவர் தன் ஊரை வரையவில்லை. மின்கம்பத்தை நான் ஒருபோதும் விடமாட்டேன். படுத்துக் கிடக்கிற மேட்டு நிலத்தில் நிமிர்ந்து நிற்பது பனைமரமும் அதுவும்தான்.

உங்கள் பகுதிக்கு வருவோம். காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர் வட்டாரத்துக்கே உரியது கொறங்காடு. மழையை நம்பிய மேய்ச்சல் நிலம். கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல் மரம், நான்கு பக்கமும் கிளுவை முள்வேலி. கோடையில் பார்க்கிறவருக்கு அது பொட்டல். வரைகிறவருக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது, ஏனென்றால் அதில் எல்லாம் சிக்கனமாக இருக்கிறது. காய்ந்த புல்லின் வெளிர் மஞ்சள் ஒரு பட்டை, வேலியின் சாம்பல் ஒரு கோடு, வெள்வேலின் குடை ஒன்று, மேலே வானம். தொடக்கத்தில் ஒரு படத்துக்கு இதற்கு மேல் சுமை தாங்காது. கொடிவேரியில் பாறை, விழும் தண்ணீர், குளிக்கிற கூட்டம், பரிசல் எல்லாம் ஒரே நேரத்தில் உங்களைக் கூப்பிடும். போய்த் திணறிவிட்டு, எனக்குக் கை வராது என்று முடிவு கட்டிவிடுவீர்கள்.

அந்தக் கிளுவை வேலியையே எடுத்துக்கொள்ளுங்கள். இலை உதிர்ந்த மாதங்களில் அது ஆயிரம் குச்சிகள். பழகாதவர் முதல் குச்சியிலிருந்து வரையத் தொடங்குவார். இருபதாவது குச்சியில் கை அலுத்துவிடும். கண்ணை இடுக்கிப் பாருங்கள். குச்சிகள் மறைந்து, கீழே அடர்ந்து மேலே கலைந்து போகிற ஒரு சாம்பல் திரை தெரியும். அல்ட்ராமரைன் நீலத்தோடு பர்ன்ட் சியென்னா என்ற செம்பழுப்பைக் கலந்தால் அந்தச் சாம்பல் கிடைக்கும். சியென்னா கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும். அதை நீர்த்த நிலையில் ஒரே இழுப்பாகப் போட்டு, மேல் விளிம்பில் பிரஷ்ஷைப் படுக்கவைத்து உலர்ந்த முடியால் தேய்த்துவிடுங்கள். காகிதத்தின் சொரசொரப்பு நுனிக் குச்சிகளைத் தானே காட்டிவிடும். அரை ஈரத்தில் வேரோரத்துக்கு இன்னும் கெட்டியான கலவை. முழுக்கக் காய்ந்த பிறகு ஓரிடத்தில், ஒரே ஓரிடத்தில், நான்கைந்து குச்சிகளைத் தெளிவாக வரையுங்கள். பார்க்கிறவர் மிச்சத்தைத் தானே எண்ணிக்கொள்வார். ஆடுகள் நுழைந்து நுழைந்து ஓட்டையான இடம் எப்படியும் ஒன்று இருக்கும். அந்த நான்கைந்து குச்சிகளை அங்கே வைத்தால் படத்துக்கு ஒரு வாசல் கிடைக்கும்.

நேரம் பற்றிக் கேட்டீர்கள். இது ருசியைப் பொறுத்த விஷயம் இல்லை, கணக்கு. நம் பகுதி ஏறக்குறைய 11 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். மரத்தின் நிழல் மரத்தடியிலேயே சுருண்டுகொள்ளும். நிழல் இல்லாவிட்டால் மேடு, பள்ளம், கனம் எதுவும் தெரியாது. சூரியன் 20 பாகை உயரத்தில் இருக்கும்போது நிழலின் நீளம் பொருளின் உயரத்தைப் போல இரண்டே முக்கால் மடங்கு. 45 பாகையில் இரண்டும் சமம். நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக, மணிக்குச் சுமார் 15 பாகை ஏறுகிறது. ஆகவே உதயத்துக்குப் பிறகு ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்கி அடுத்த இரண்டு மணி நேரம்தான் காலை வெளிச்சம். அலுவலகம் போகிறவருக்கு அதில் முக்கால் மணி நேரம் கிடைத்தால் போதும். மாலையும் அப்படியே, ஆனால் மாலை வெளிச்சம் கடைசியில் ஓடிவிடும். புதியவர்களுக்குக் காலைதான் நல்லது.

நிழல் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் உட்கார்ந்ததும் பென்சிலில் நிழல்களின் எல்லையை மட்டும் குறித்துவிடுங்கள். பிறகு அவை எங்கே போனாலும் துரத்த வேண்டாம். நிழலின் நிறத்துக்கு ஒரு வார்த்தை. செம்மண் தரையில் விழும் நிழல் கறுப்பு இல்லை. வெயில் படாத அந்த இடத்துக்கு வெளிச்சம் தருவது நீல வானம். அதனால் அது ஊதாவுக்குப் பக்கத்தில் போகிறது. அல்ட்ராமரைனும் லைட் ரெட் என்ற செங்கல் சிவப்பும் சேர்த்து ஒருமுறை போட்டுப் பாருங்கள். கறுப்பு டியூபை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

நம் செவ்வல் மண்ணுக்குச் சிவப்பைத் தருவது இரும்பு ஆக்சைடு. பர்ன்ட் சியென்னா, லைட் ரெட், மண் மஞ்சளான எல்லோ ஓக்கர் மூன்றுக்கும் நிறம் கொடுப்பதும் இரும்பு ஆக்சைடு வகைகள்தான். ஆகவே தரையை வரைவதற்கு நீங்கள் பெரிதாக எதுவும் கலக்க வேண்டியதில்லை. மண்ணின் நிறம் டியூபிலேயே இருக்கிறது. ஈர மண்ணுக்குச் சியென்னா, காய்ந்த மண்ணுக்கு ஓக்கரும் கொஞ்சம் லைட் ரெட்டும், சுண்ணாம்புக் கல் வெளுத்துக் கிடக்கிற திட்டுகளுக்குக் காகிதத்தையே விட்டுவிடலாம். பல்லடம், உடுமலைப் பக்கம் கரிசல் வரும் இடங்களில் அல்ட்ராமரைன் கூடுதலாகச் சேரும்.

சாமான் விஷயத்தில் பலரும் தலைகீழாகச் செலவு செய்கிறார்கள். நாற்பத்தெட்டு நிறம் உள்ள பெட்டியை வாங்கிவிட்டு, காகிதத்துக்குப் பள்ளிக்கூட ட்ராயிங் நோட்டு. பணத்தைக் காகிதத்தில் போடுங்கள். பருத்திக் கூழால் செய்த 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) காகிதம் வேண்டும். அதற்குக் கீழே போனால் ஈரத்தில் நெளியும். முழுத் தாள் 22க்கு 30 அங்குலம். அதை நீளத்தில் நான்கு, அகலத்தில் நான்கு என்று வெட்டினால் ஐந்தரைக்கு ஏழரை அங்குலத்தில் 16 துண்டுகள். இரண்டு தாள் ஒரு மாதத்துக்குக் காணும். இந்த அளவை விட்டுப் பெரிதாகப் போகாதீர்கள். அமெரிக்க ஓவியர் டுவேன் கைசர் 2004 டிசம்பரில் தினம் ஒரு படம் என்று தொடங்கியபோது எடுத்துக்கொண்டது அஞ்சலட்டை அளவுதான். அவர் வரைந்தது எண்ணெய் வண்ணத்தில், ஆனாலும் அளவின் நியாயம் நமக்கும் பொருந்தும். சிறிய படம் ஒரே அமர்வில் முடியும். கெட்டுப்போனாலும் மனம் வலிக்காது.

நிறங்கள் ஆறு போதும்: லெமன் மஞ்சள், எல்லோ ஓக்கர், பர்ன்ட் சியென்னா, லைட் ரெட், அல்ட்ராமரைன், கோபால்ட் நீலம். காகிதப்பூ மேல் ஆசை வந்தால் ஒரு குயினாக்ரிடோன் ரோஸ். அலிசரின் கிரிம்சன் என்ற கருஞ்சிவப்பைத் தவிர்க்கலாம், வெளிச்சத்தில் வெளுத்துவிடும். பிரஷ் இரண்டு: எட்டாம் எண் ரவுண்டு ஒன்று, அரை அங்குல ஃப்ளாட் ஒன்று. தண்ணீர் பாட்டில், பழைய வேட்டித் துணி, இரண்டு கிளிப், மடக்கு ஸ்டூல். குடை கறுப்பாக இருக்கட்டும். வண்ணக் குடை தன் நிறத்தைக் காகிதத்தின் மேல் இறக்கிவிடும். குடையில்லாமல் நேர் வெயிலில் காகிதத்தை வைத்து வரைந்தால் கண் கூசி, எல்லாவற்றையும் தேவைக்கு மேல் இருட்டாகப் போட்டுவிடுவீர்கள். வீட்டுக்குள் கொண்டுவந்து பார்த்தால் படம் மங்கிக் கிடக்கும்.

இன்னொன்று, வாட்டர்கலர் பற்றிய புத்தகங்கள் பெரும்பாலும் குளிர்நாட்டில் எழுதப்பட்டவை. வாஷ், அதாவது நீர்த்த வண்ணப் பூச்சு, காய்வதற்காகக் காத்திருக்கச் சொல்வார்கள். பங்குனி, சித்திரையில் இங்கே வானத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போவதற்குள் முதல் மூலை காய்ந்துவிடும். அதற்கு வழி, காகிதத்தின் இரண்டு பக்கத்தையும் நன்றாக நனைத்து, வழுவழுப்பான பிளாஸ்டிக் பலகை மேல் ஒட்டவைத்து வரைவது. பின்பக்க ஈரம் பத்துப் பதினைந்து நிமிடம் தாக்குப்பிடிக்கும். டப்பாவில் இறுகிப்போன கலர் மேல் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே தண்ணீர் தெளித்துவிட்டால் போய்ச் சேர்வதற்குள் இளகியிருக்கும்.

பச்சைக்கு வருவோம். டியூபில் வரும் பச்சையை அப்படியே போடுவதுதான் வாளி நிறத்துக்குக் காரணம். பச்சை டியூபையே வாங்காதீர்கள். மஞ்சளையும் நீலத்தையும் கலந்து, அதில் பர்ன்ட் சியென்னாவைக் கொஞ்சம் சேர்த்து அதன் கொழுப்பை அடக்குங்கள். அதன் பிறகு ஒவ்வொரு மரத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். வெள்வேல் தூசி படிந்த சாம்பல் பச்சை. பனையோலையில் பச்சையைவிட நீலச் சாம்பல்தான் அதிகம். பங்குனியில் துளிர்க்கும் புங்கன் கண்ணைப் பறிக்கும் இளம்பச்சை. அதற்கு லெமன் மஞ்சளில் நீலம் ஒரு சொட்டு போதும். தென்னை ஏமாற்றும்: கீற்றின் மேல்பக்கம் வானத்தை வாங்கி வெள்ளையாக மின்னும், வெயில் ஊடுருவும் கீற்று மஞ்சளாக எரியும், உள்ளே இருக்கும் கீற்று கிட்டத்தட்டக் கறுப்பு. பச்சை என்று சொல்லக்கூடிய பச்சை அதில் குறைவு. ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் வயலில் ஆவணி, புரட்டாசியில் போய் நின்றால், அகன்ற இலைக்குள் வெளிச்சம் புகுந்து வெளியே வருவதைப் பார்க்கலாம். சூரியனைப் பார்த்தபடி உட்கார்ந்தால்தான் அது தெரியும்.

தூரத்துச் சிவன்மலை, ஊதியூர் மலை, சென்னிமலை எதையும் பச்சையில் தொடாதீர்கள். இடையில் உள்ள காற்று நீல ஒளியைச் சிதறடிப்பதால் தூரத்து இருட்டுகள் நீலமாகிவிடுகின்றன. நீர்த்த கோபால்ட் ஒரு பூச்சு, விளிம்பில் கொஞ்சம் லைட் ரெட், அவ்வளவுதான் மலை. மழை பெய்து விட்ட மறுநாள் மட்டும் மலை பக்கத்தில் வந்து நிற்கும், மடிப்புகள் தெரியும். அன்றைக்கு மலைக்காகவே ஒரு படம்.

மாடுகளை விட்டுவிட முடியாது. காங்கயத்தில் இருந்துகொண்டு மாடு வரையாதவரை ஊரில் மதிக்கமாட்டார்கள். காங்கயம் கன்று பிறக்கும்போது செம்பழுப்பு. ஆறு மாதம் போல ஆனதும் சாம்பலுக்கு மாறும். பசு வெளுத்துப் போகும். பூச்சிக் காளைக்கு, அதாவது இனவிருத்திக்கு விடும் காளைக்கு, திமில், கழுத்து, முன்னந்தொடை, பின்னந்தொடை கறுத்துக்கொண்டே போகும். காயடித்த எருதில் அந்தக் கருமை மங்கிவிடும். ஆகவே மாட்டின் உடம்பில் இருட்டு எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே அது என்ன மாடு என்று படம் சொல்லிவிடும். மேய்கிற மாட்டை வரைய முயல வேண்டாம். கட்டுத்தரையில் படுத்து அசை போடுகிற மாட்டிடம் தொடங்குங்கள். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது திமிலின் ஒரு பக்கம் காகித வெள்ளை, மறுபக்கம் நீலச் சாம்பல், வயிற்றுக்கு அடியில் செம்மண்ணின் சிவப்பு எதிரொளித்து ஏறியிருக்கும். அந்தச் சிவப்பை வைத்துவிட்டால் மாடு தரையில் படுத்துவிடும். வைக்காவிட்டால் அந்தரத்தில் தொங்கும்.

ஆட்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முதல் நாளே இந்த விஷயம் வரும். தோட்டத்து ஓரம் பலகையும் பென்சிலுமாக ஒருவர் உட்கார்ந்தால் ‘ஏனுங்க’ என்று தொடங்கி, ரோடு போட அளக்க வந்தீர்களா, கரண்டு டவர் வருகிறதா என்ற விசாரணை நிச்சயம். கோபித்துக்கொள்ள வேண்டாம், அவர்களுடைய பயம் நியாயமானது. தோட்டத்துக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, முதல் இரண்டு நாள் அவர் சாளையையே வரைந்து காட்டிவிடுங்கள். பிறகு அவரே அடுத்தவருக்கு விளக்கம் சொல்வார், மோரும் வரும். பெண்கள் தனியாகப் போகிறார்கள் என்றால், ஆளில்லாத இட்டேரியைவிட (வேலிகளுக்கு நடுவில் போகும் பாதை)க் களையெடுக்கிற ஆட்கள் இருக்கும் காட்டோரம் நல்லது. இட்டேரிகளின் இரண்டு பக்க வேலியிலும் பாம்பு இருக்கும் என்பதால் உட்காரும் முன் தரையைத் தட்டிவிட்டு உட்காருங்கள். தோட்டத்து நாய்க்குக் கொஞ்சம் பிஸ்கட்.

தொடர்ந்து வரைவதற்கு உறுதிமொழி எல்லாம் உதவாது. தினமும் தவறாமல் நடக்கிற ஒரு வேலையோடு இதைக் கட்டிவிடுங்கள். பால் சொசைட்டிக்குப் போகிற வழக்கம் இருந்தால் திரும்புகிற வழியில். பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றுகிறவர் என்றால் அது போன பிறகு. சைக்கிளிலோ வண்டியிலோ பை தயாராகத் தொங்கட்டும். முக்கால் மணி நேரம் ஆனதும் படம் எந்த நிலையில் இருந்தாலும் எழுந்துவிடுங்கள். வீட்டில் வைத்துத் திருத்தத் தொடங்கினால் வெளியில் கண்ட வெளிச்சம் போய்விடும். செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதைப் பார்த்து நிறம் வைக்காதீர்கள். வானத்துக்குச் சரியாக எடுத்தால் நிழலைக் கறுப்பாக்கும், நிழலுக்குச் சரியாக எடுத்தால் வானத்தை வெளுக்கும். கான்ஸ்டபிளைப் போலப் பின்பக்கம் தேதி, மணி, காற்று எழுதுங்கள். கெட்டுப்போன படத்தையும் கிழிக்காமல் வரிசையில் வைக்க வேண்டும். அன்றன்றைக்கு யாருக்கும் அனுப்பாமல் இருப்பது இன்னும் நல்லது. பாராட்டு வந்த படத்தையே மறுநாளும் வரையச் சொல்லும் கை.

மழை பெய்தால் ஆசாரத்தில் (வீட்டு முன்கூடத்தில்) உட்கார்ந்து வாசலை வரையலாம். 2021இல் கொரோனாவில் மறைந்த ஓவியர் எஸ். இளையராஜாவின் கிராமத்துப் பெண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்குள் நுழைகிற ஒரு துண்டு வெயில் பித்தளைக் குடத்திலும் சேலையிலும் என்ன செய்கிறது என்பதை அவற்றில் படிக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் காகிதம் ஈரத்தை இழுத்துப் புள்ளி பூக்கும். பிளாஸ்டிக் உறையில் வைத்தால் தப்பிக்கும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வருகிற காற்று வேறு கதை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், பலகை எம்மாத்திரம்? ஸ்டாண்ட் வேண்டாம், மடியில் வைத்து வரையுங்கள். அந்த மாதங்களில் மேகம் ஓடுகிற வேகத்துக்கு நிலத்தில் வெளிச்சமும் நிழலும் நிமிடத்துக்கு ஒருமுறை மாறும். தரையை விட்டுவிட்டு வானத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு வருடம் முடிந்ததும் ஊர் சுற்றுங்கள், தடையில்லை. பவானியில் தொடங்கிக் கொடுமுடிப் பக்கம் நொய்யலில் சேர்கிற காலிங்கராயன் வாய்க்கால் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வளைந்து வளைந்து போகிற அதன் கரையில் எங்கே உட்கார்ந்தாலும் தண்ணீர் படத்துக்குள் தானே வழி போட்டுக் கொடுக்கும். கவுந்தப்பாடிப் பக்கம் கரும்பு ஆலையில் கொப்பரையில் வெல்லப்பாகு காய்கிற நேரம் போனால் ஆவி, புகை, பின்னால் வெயில் என்று வாட்டர்கலருக்கென்றே செய்த காட்சி. சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கும், ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கும் போவதென்றால் கலர் டப்பாவை வீட்டில் வைத்துவிட்டுப் பென்சிலும் சின்ன நோட்டும் மட்டும் எடுத்துப் போங்கள். அங்கே மாடு நிற்காது, ஆள் நிற்கமாட்டார், தண்ணீர்க் கிண்ணத்தைத் தரையில் வைத்தால் ஏதாவது ஒரு கன்று குடித்துவிட்டுப் போய்விடும்.